உங்களுக்குத் தெரியுமா? விரித்தால் வண்டி, மடித்தால் மூட்டை

● தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறவர், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், போகிற சாலையில் சைக்கிள் போகலாமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2008-இல் கொல்கத்தா போலீஸ் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. 2013-இல் பட்டியல் 174 சாலைகளாக நீண்டது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், குழாய் ரிப்பேர்க்காரர் என்று வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் அபராதம் கட்டிக் கட்டி அலுத்துப்போய்க் குரல் எழுப்பிய பிறகு அது 62 ஆகச் சுருங்கியது. மெதுவாகப் போகும் வண்டி மற்ற வண்டிகளைத் தாமதப்படுத்துகிறது என்பதுதான் தடைக்குச் சொன்ன காரணம். சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ஊரில் காரும் பஸ்ஸும் எந்த வேகத்தில் போகின்றன என்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். 2020-இல் ஊரடங்கு தளர்ந்தும் லோக்கல் ரயிலும் மெட்ரோவும் ஓடத் தொடங்காத நாட்களில், அதே போலீஸ் பல சாலைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டது.

● அதே மாநிலத்தின் அரசு 2015-இல் தொடங்கிய 'சபுஜ் சாத்தி' திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு கோடிக்கும் மேல் சைக்கிள்களைக் கொடுத்திருக்கிறது. இத்திட்டத்துக்கு 2019-இல் ஐ.நா. சார்ந்த உலகத் தகவல் சமூக உச்சி மாநாட்டின் விருதும் கிடைத்தது. கிராமத்தில் கொடுப்பார்கள், தலைநகரில் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் 2001-இலிருந்தே பள்ளிக்கூடச் சைக்கிளைப் பார்த்துப் பழகிய நமக்கு முதல் பாதி புரியும். இரண்டாவது பாதிதான் புரியாது.

● மடக்கு சைக்கிள் கொல்கத்தாவுக்குப் பொருந்துவது இங்கேதான். ஓட்டுகிறவரைத்தான் போலீஸ் நிறுத்துகிறது. நடு ஃப்ரேமில் இருக்கும் கீலைத் திறந்து, ஹேண்டில்பாரைச் சாய்த்து, சீட்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டால் அது வண்டி அல்ல, சுமை. பிளாட்பாரத்தில் அதோடு நடக்கலாம், டாக்ஸியின் டிக்கியில் போடலாம், மஞ்சள் டாக்ஸி அம்பாசடராக இருந்தால் இன்னும் விசேஷம். இதன் மகிமை ஓடுவதைவிட, வேண்டிய இடத்தில் சைக்கிளாக இல்லாமல் இருக்கத் தெரிவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

● லேக் கார்டன்ஸுக்குச் சொந்தமாக ரயில் நிலையமே உண்டு. சியால்தா தெற்குப் பிரிவில், பாலிகஞ்ச் சந்திப்பிலிருந்து பஜ்பஜ் போகும் கிளைப் பாதையில் முதல் நிலையம் இதுதான். அடுத்தது டாலிகஞ்ச். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே ரபீந்திர சரோவர் மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. 1986-இல் தெற்கே டாலிகஞ்ச் வரை நீண்டபோது ரபீந்திர சரோவரும் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து அலுவலகம் என்று இரண்டு முனையிலும் மிஞ்சும் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு இங்கே ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்பார்கள். மடக்கு சைக்கிள் அந்த மிச்சத்துக்கென்றே பிறந்தது. நாள்தோறும் இருபது கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவருக்கு நான் பெரிய சக்கரத்தைத்தான் சிபாரிசு செய்வேன்.

● ரயிலில் ஏற்றலாமா? இந்திய ரயில்வே விதிப்படி, பயணி தன்னோடு பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டி படுக்கை 100 × 60 × 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஏ.சி. மூன்றடுக்கிலும் ஏ.சி. சேர் காரிலும் இன்னும் இறுக்கம்: 55 × 45 × 22.5. கட்டணமில்லாத எடை, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ, ஸ்லீப்பரில் 40.

இப்போது டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். மடக்கு சைக்கிள்களிலேயே சிறிதாக மடங்கும் வகைகளில் ஒன்றான பிரிட்டிஷ் பிராம்ப்டன் மடித்த நிலையில் 64.5 × 58.5 × 27. நீளத்தில் தப்பிக்கிறது, உயரத்தில் தப்பிக்கிறது, தடிமனில் இரண்டு சென்டிமீட்டர் மாட்டுகிறது! நம் கடைகளில் கிடைக்கும் 20 அங்குலச் சக்கர வண்டிகள் மடித்தாலும் இதைவிடப் பெரியவை. எடையில் பிரச்சினை இல்லை, பெரும்பாலான மடக்கு சைக்கிள்கள் 11 முதல் 14 கிலோதான். கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டா குண்டாவோடு ஏறும் ரயிலில் யாரும் இரண்டு சென்டிமீட்டருக்கு டேப் பிடிப்பதில்லை என்றாலும், விதி விதிதான். உறை போட்டுக் கட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

● விமானத்தில் கணக்கு வேறு. சரக்கறைக்குப் போகும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். அதே பிராம்ப்டனைக் கூட்டிப் பாருங்கள்: 150. மிச்சமிருக்கும் எட்டு சென்டிமீட்டரில் பஞ்சுத் திண்டும் பெட்டியும் அடங்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1992-இல் தொடங்கிய பைக் ஃப்ரைடே நிறுவனம் இதற்கு ஒரு படி மேலே போனது. சைக்கிளைச் சூட்கேஸில் அடைத்துக் கொண்டுபோகலாம், இறங்கிய ஊரில் வண்டியை எடுத்து மாட்டியதும் அந்தச் சூட்கேஸுக்கே இரண்டு சக்கரம் பூட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். காலிப் பெட்டியை எங்கே வைப்பது என்ற பயணியின் பழைய தலைவலிக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்த்ததில்லை.

● சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அங்கே மெட்ரோவிலும் பஸ்ஸிலும் மடக்கு சைக்கிளுக்கு அளவு எழுதியே வைத்திருக்கிறார்கள்: 120 × 70 × 40 சென்டிமீட்டர். முதலில் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் அனுமதி இருந்தது. 2016 டிசம்பரில் நாள் முழுவதும் ஏற்றலாம் என்று சோதனை ஓட்டம் விட்டு, மறு ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள். மடித்தது மடித்தபடியே இருக்க வேண்டும், பெட்டிக்குள் விரிக்கக் கூடாது. நம் பக்கத்தில், கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சைக்கிளை மடக்காமலே உள்ளே விட்டது. மும்பையின் புதிய மெட்ரோ தடங்களிலும் சைக்கிளோடு ஏறலாம்.

● ரபீந்திர சரோவர் ஏரியின் ஓரத்தில், தாகூரியா பக்கம் ஒரு ஜப்பானிய பௌத்தக் கோவில் இருப்பது லேக் கார்டன்ஸ்காரர்களுக்குத் தெரியும். ஜப்பானியரின் சைக்கிள் பழக்கம் ஒன்று அவ்வளவாகத் தெரியாது. 'ரின்கோ' என்று பெயர். சைக்கிளைப் பிரித்தோ மடித்தோ ஒரு பைக்குள் முழுக்க மூடிவிட்டால் ரயிலில் கூடவே எடுத்துப்போகலாம். மட்கார்டின் நுனியோ சீட்டின் மூக்கோ வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

● சியால்தா லோக்கல்களில் வெண்டர் பெட்டி என்று தனியாக உண்டு. காய்கறிக் கூடை, மீன் கூடை, சானா மூட்டை எல்லாம் அதில்தான். அந்தக் கூடைகளுக்கு நடுவே மடக்கு சைக்கிளைப் பார்த்தால் பரம சாது. ஆனால் அது வியாபாரிகளுக்கான பெட்டி, அதற்குத் தனிச் சீட்டு.

● சைக்கிளை மடக்கலாம் என்ற எண்ணம் முதலில் தோன்றியது அலுவலகம் போகிறவருக்கு அல்ல, சண்டைக்குப் போகிறவருக்கு என்று நினைக்கும்படியாக இருக்கிறது இதன் வரலாறு. அமெரிக்காவில் எம்மிட் லாட்டா என்பவர் 1888-லேயே மடக்கு சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியவை ராணுவங்கள்தான். 1890-களில் பிரெஞ்சுக் கேப்டன் ஹென்ரி ழெரார், முதுகில் கட்டிக்கொண்டு நடக்கக்கூடிய மடக்கு சைக்கிளைப் படைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் இத்தாலியின் பெர்சால்யேரி வீரர்கள் பியாங்கி நிறுவனத்தின் மடக்கு சைக்கிளைச் சுமந்தார்கள். மேட்டில் மனிதன் மேல் வண்டி, சமவெளியில் வண்டி மேல் மனிதன்.

இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்கென்று ஒரு சைக்கிள் 1942-இலிருந்து தயாரானது. இரண்டு இடத்தில் காதுவைத்த நட்டு, அதைக் கையால் திருகினால் வண்டி இரண்டாக மடங்கும். அறுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய பிரிட்டிஷ், கனடியப் படைகளிலும் சிலர் இதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். செய்த நிறுவனம் எது தெரியுமா? பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், சுருக்கமாக பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த கம்பெனி, அதனால்தான் அவர்கள் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும்.

அந்த மூன்றெழுத்தே பின்னால் அம்பத்தூருக்கு வந்தது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். இல்லாத தெரு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கிடையாது. பத்தாவதில் பாஸானால் எஸ்.எல்.ஆர். வாங்கித் தருகிறேன் என்ற அப்பாக்களில் எத்தனை பேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை.

● சின்னச் சக்கரத்துக்கு மரியாதை வாங்கித் தந்தவர் அலெக்ஸ் மோல்டன். மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்த அதே பொறியாளர். சக்கரம் சிறிதாக இருந்தால் குழியில் அதிகம் விழும், அதிகம் அதிரும் என்பது உண்மை. அதற்கு அவர் கண்ட வழி, குறுகிய டயரில் அதிகக் காற்றழுத்தம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். 1962-இல் வந்த மோல்டன் சைக்கிள் மடங்காது. ஆனால் பின்னால் வந்த மடக்கு வண்டிகளுக்கெல்லாம் துணிச்சல் கொடுத்தது அதுதான். 1986-இல் காற்றைக் கிழிக்கும் கூடு போட்ட ஒரு மோல்டன், சமதரையில் மணிக்கு 82 கிலோமீட்டரைத் தாண்டியது. சின்னச் சக்கரம் மெதுவாகத்தான் போகும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை எடுத்து நீட்டுங்கள்.

● லண்டனில் தோட்டங்களை அழகுபடுத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ரிச்சி, கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1970-களின் நடுவில், பிக்கர்டன் என்ற அலுமினிய மடக்கு சைக்கிளைப் பார்த்தவர், இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று தன் குடியிருப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நண்பர்கள் பத்துப் பேர் தலைக்கு நூறு பவுண்டு போட்டார்கள். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஓரட்டரி என்ற தேவாலயம், வண்டிக்கு அந்தப் பெயரே வந்துவிட்டது. பெரிய சைக்கிள் கம்பெனிகள் வேண்டாம் என்றன. முழு வீச்சில் உற்பத்தி தொடங்க 1988 ஆனது, அதுவும் பிரென்ட்ஃபோர்டில் ஒரு ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில்!

ரிச்சியின் மூளை வேலை செய்த இடம் எது என்று என்னைக் கேட்டால், செயினைச் சொல்வேன். மடித்ததும் செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ளே போய்விடும். எண்ணெய்க் கறை யார் மேலும் படாது. காலை ஒன்பது மணி லோக்கலில் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

● மடக்கு சைக்கிளை உலகெங்கும் கொண்டுபோன டாஹோன் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு லேசர் விஞ்ஞானி. கலிபோர்னியாவில் ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் ஹோன், எழுபதுகளின் பெட்ரோல் நெருக்கடியில் யோசிக்கத் தொடங்கி, 1982-இல் கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய மகன் ஜோஷுவா ஹோன் தாயாரோடு சேர்ந்து 2011-இல் டெர்ன் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்பப் பாகப்பிரிவினையிலும் சைக்கிள் இரண்டாகத்தான் மடிந்தது.

● 'இத்துணூண்டு சக்கரம், இரண்டு மடங்கு மிதிக்கணுமே' என்று பார்க்கிறவர்கள் எல்லாம் பரிதாபப்படுவார்கள். கணக்குப் போட்டுக் காட்டுவோம். நம் பழைய கறுப்பு 28 அங்குல வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். 20 அங்குல மடக்கு வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் முன்னால் 52 பல், பின்னால் 13 பல் போட்டால் ஒரு மிதிக்கு ஆறு மீட்டருக்கு மேல்! சக்கரத்தில் குறைந்ததைப் பற்சக்கரத்தில் ஈடுகட்டிவிடுகிறார்கள். தவிர, சின்னச் சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் குட்டை, அதனால் உறுதி. சிக்னலில் நின்று கிளம்பும்போது சட்டென்று வேகமெடுக்கும்.

குறுக்குக் கம்பி இல்லாததால் குரங்குப் பெடல் அடிக்க வழியில்லை என்பது மட்டும் ஒரு நஷ்டம்.

● பஞ்சரானால்? வாங்கும்போதே டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். '20 அங்குலம்' என்ற ஒரே பெயரில் இரண்டு ரிம் அளவுகள் உலவுகின்றன: 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. '16 அங்குலத்'திலும் அப்படியே: 305, 349. குழந்தைகள் சைக்கிளில் பரவலாக இருப்பவை 406-ம் 305-ம். எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் குழந்தை சைக்கிள் டியூப் இருக்கும், அதனால் ஊர் சுற்றப் போகிறவர் 406 வாங்குவதே புத்திசாலித்தனம். பிராம்ப்டனுக்கு 349. அதற்கு டியூபைப் பையில் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள்.

வால்வும் அப்படித்தான். நம் ஊர்ச் சைக்கிளின் வால்வ் ஒரு ரகம், மடக்கு வண்டிகள் பலவற்றில் இருப்பது கார், மோட்டார் சைக்கிளின் ரகம். இது வசதிதான். பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். அடிக்கிற பையன் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து அழுத்தி விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

● கொல்கத்தாவில் குதிரை டிராம் 1873-இல் வந்தது, மின்சார டிராம் 1902-இல். 2024 செப்டம்பரில், மைதானம் பக்கம் ஒரு சிறு தடத்தைப் பாரம்பரியமாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அரசு சொன்னது. லேக் கார்டன்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராஷ்பிஹாரி அவென்யூ டிராம் பாட்டை பதிந்த சாலை. டிராம் போனாலும் பாட்டை உடனே போய்விடாது. பாட்டையின் பள்ளத்தோடு இணையாக ஓட்டினால் குறுகிய டயர் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும், மழை நாளில் ஈர இரும்பின் மேல் வழுக்கவும் செய்யும். கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், கடக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. எல்லாச் சைக்கிளுக்கும் இது பொருந்தும், சின்னச் சக்கரத்துக்கு இரட்டிப்பாக.

● கூந்தல் தைலக் கம்பெனிக்காரர் ஒருவர்தான் ஜகதீஷ் சந்திர போஸுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்றால் நம்புவீர்களா? ஹேமேந்திர மோகன் போஸ். 'குந்தலீன்' தைலம், வாசனைத் திரவியம், இசைத்தட்டு என்று தொட்டதெல்லாம் புதுமை. கொல்கத்தாவின் ஹாரிஸன் ரோட்டில் சைக்கிள் கடையும் வைத்திருந்தார். பிரஃபுல்ல சந்திர ராய், டாக்டர் நீல்ரதன் சர்க்கார் ஆகியோரும் அவரிடம் சைக்கிள் பழகியவர்கள். தைலத்துக்கு விளம்பரமாக அவர் சிறுகதைப் போட்டி நடத்த, 1896-இல் பரிசு வாங்கியது ஜகதீஷ் சந்திர போஸின் கதை. கடலில் வரும் புயலை ஒரு பாட்டில் கூந்தல் தைலம் ஊற்றி அடக்குகிற கதை! வங்காளத்தின் முதல் விஞ்ஞானக் கதைகளில் ஒன்று அது.

ஹேமேந்திர மோகன் மணந்தது உபேந்திர கிஷோர் ராயின் சகோதரியை. அந்த உபேந்திர கிஷோரின் பேரன் சத்யஜித் ராய், 1960-களில் லேக் டெம்பிள் ரோட்டில், ரபீந்திர சரோவர் ஏரிக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார். 1950-இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த பிறகு படம் எடுக்கும் முடிவு அவருக்கு உறுதிப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தச் சைக்கிள் மடக்கு சைக்கிளாக இருந்திருந்தால் கதையே இல்லை. ஹீரோ அதைக் கையோடு தூக்கிப் போயிருப்பார்.

● சைக்கிளில் உலகம் சுற்றுவது வங்காளிகளுக்குப் பழைய பைத்தியம். 1926 டிசம்பர் 12 அன்று பிமல் முகர்ஜி மூன்று நண்பர்களோடு கொல்கத்தா டவுன் ஹாலிலிருந்து புறப்பட்டார். நண்பர்கள் வழியில் பிரிந்தார்கள். கிடைத்த வேலையைச் செய்து சம்பாதித்துக்கொண்டு அவர் மட்டும் சுற்றி, 1937-இல்தான் ஊர் திரும்பினார். 'து சாக்காய் துனியா' என்று புத்தகமும் எழுதினார். சில்ஹெட் பக்கத்து பனியாசங்கில் பிறந்த ராம்நாத் பிஸ்வாஸ் கிளம்பியது 1931 ஜூலையில், சிங்கப்பூரிலிருந்து. இருவரிடமும் இருந்தது மடங்காத இரும்பு வண்டி. கப்பலில் ஏற்றும்போது என்ன பாடு பட்டிருப்பார்களோ!

● இன்னொரு வங்காளச் சைக்கிள் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. 1998-இல் பொருளாதார நோபல் பெற்ற அமர்த்திய சென், நோபல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது தன் சைக்கிளை. சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அதில் போய்த்தான் பஞ்ச காலத்துக் கூலி, விலைக் கணக்குகளைச் சேகரித்தார், ஆண் குழந்தைகளையும் பெண் குழந்தைகளையும் எடை போட்டு வித்தியாசம் பார்த்தார். ஹவுராவில் ரயிலேறி போல்பூரில் இறங்கி, மடக்கு சைக்கிளை விரித்து அதே சிவப்பு மண் சாலைகளில் இன்றைக்கும் போகலாம். பெரும் பாரம் தூக்காமல் ஒரு பயணம் பழக அதைவிட நல்ல இடம் கிழக்கே இல்லை.

● லேக் மார்க்கெட்டைச் சுற்றி ஒரு குட்டித் தென்னிந்தியா இருப்பது கொல்கத்தாத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காபிப் பொடி, வாழை இலை, மல்லிகைப் பூ, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் லேக் கார்டன்ஸிலிருந்து அங்கேதான் போவார்கள். மடக்கு வண்டிக்குப் பின் கேரியர் சிறிது, பாரம் வைத்தால் குதிகால் இடிக்கும். முன் பை நல்லது. பிராம்ப்டன், டெர்ன் போன்றவற்றில் அந்தப் பை ஹேண்டில்பாரில் தொங்குவதில்லை. ஃப்ரேமின் முன்பக்கத்தில் ஒரு கொக்கியில் உட்காரும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் பை திரும்பாது, ஆகவே அஞ்சு கிலோ அரிசி வைத்தாலும் வண்டி இழுக்காது. வாழை இலைக் கட்டை மட்டும் தோளில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

● இந்த ஊர் மழைக்குக் கீல்தான் முதல் பலி. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அதில் ஓட்டாதீர்கள். ஓட்ட நேர்ந்தால், வீடு வந்ததும் கீலைத் திறந்து துடைத்து, கிரீஸ் தடவுங்கள். கிளம்புமுன் நடுக் கீல், ஹேண்டில்பார்க் கீல் இரண்டின் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பது தினசரிக் கடமை. சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குச் சீட்டை உயர்த்தக் கூடாது.

● ஏரியைப் பற்றியும் ஒரு வரி. சதுப்பும் புதருமாகக் கிடந்த 192 ஏக்கரை 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் எடுத்துத் தோண்டியதுதான் தாகூரியா லேக். 1958-இல் ரபீந்திர சரோவர் ஆனது.

● பிராம்ப்டன்காரர்கள் ஓர் உலகப் போட்டி நடத்துகிறார்கள். முதலாவது 2006-இல் பார்சிலோனாவில் நடந்தது. கோட்டு, காலர் வைத்த சட்டை, டை கட்டாயம். பந்தய உடுப்பு கூடாது. வண்டிகள் மடித்த நிலையில் வரிசையாகக் கிடக்கும், கொடி அசைந்ததும் ஓடிப்போய் விரித்து ஏற வேண்டும். கொல்கத்தாவில் நடத்தினால் குரங்குக் குல்லாவுக்கும் விதிவிலக்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

● 1897 பிப்ரவரியில் சென்னையில் கப்பலேறிய விவேகானந்தர் பஜ்பஜ்ஜில் கரை இறங்கி, 19-ஆம் தேதி காலை தனி ரயிலில் சியால்தா போய்ச் சேர்ந்தார். இன்றைய லேக் கார்டன்ஸ் நிலையம் இருப்பது அந்தப் பாதையில்தான். 1914 செப்டம்பரில் கோமகட்டா மாரு கப்பல் வந்து, துப்பாக்கிச் சூடு நடந்ததும் அதே பஜ்பஜ்ஜில்.

ஒரு நாள் சுற்றுக்கு இந்தப் பாதை அருமையானது. லேக் கார்டன்ஸில் லோக்கலில் ஏறிக் கடைசி நிலையம் பஜ்பஜ். அங்கே வண்டியை விரித்து ஹூக்ளிக் கரையோரம் கொஞ்சம் சுற்றிவிட்டு, படகில் அக்கரை போனால் பௌரியா. 1818-இல் இந்தியாவின் முதல் பருத்தி ஆலையான ஃபோர்ட் க்ளாஸ்டர் ஆலை எழுந்த ஊர் அது. பௌரியாவில் ஹவுரா லோக்கல் நிற்கும். மடித்து ஏறினால் ஹவுரா, அங்கிருந்து மறுபடி படகில் பாபு காட். இரண்டு ரயில், இரண்டு படகு, நடுவில் எல்லாம் மிதி. பல படகுத் துறைகளில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். மடித்துப் பைக்குள் போட்டிருந்தால் சீட்டுக் கொடுப்பவர் அதைச் சைக்கிள் என்பாரா, மூட்டை என்பாரா என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை போங்கள். திங்கள்கிழமை காலை சியால்தா லோக்கலில் இதை முயன்றால், வண்டியை மடிக்கும் வேலையைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும்.